சுஹறா கேட்ட மாப்பு

சுஹறா உம்றாவுக்குப் போகப் போகிறாள் என்று போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு கதை ஓடியது. கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றில் தொடங்கிய கதை, நாங்கள் நடந்து பிரதான வீதிக்கு வருவதற்குள் எங்களுக்கு முன்னால் போய்விட்டது. ஒரு வீட்டுக் கேற்றைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கும் பொம்பிளை தலையில் சீலையை இழுத்துக்கொண்டு ஓடி வந்து, எப்போது பயணம், எங்களுக்கும் துஆக் கேளுங்கள் என்று சுஹறாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பயணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கள் ஊரில் மக்காவுக்குப் போகிறவர்கள்தான் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். பயணம் சொல்வது என்று அதற்குப் பேர். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டு, கண்ணைத் துடைத்து, ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். சுஹறாவும் அப்படித்தான் போனாள். ஆனால் அவள் பிழை செய்தது ஒரு கம்ப்யூட்டரில். அதை ஒவ்வொரு வீட்டிலும் விளங்கப்படுத்த நாங்கள் பட்ட பாட்டை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான்.

சுஹறா என் தம்பி ஹிஷாமின் பெண்சாதி. நான் அவளுக்கு மதினி. எனக்கு வாய் கொஞ்சம் கூட என்று ஊரில் சொல்வார்கள், சொல்லட்டும். அவள் எதற்கும் சத்தம் போடமாட்டாள். எதையாவது நினைத்துவிட்டால் மட்டும் ஆர் என்ன சொன்னாலும் கேட்கமாட்டாள். அதுதான் எனக்கு அவளிடம் பிடிக்காத குணம். பிடித்த குணமும் அதுதான்.

சந்தையிலிருந்து கடற்கரைக்குப் போகிற குறுக்கு வீதியில் ஹிஷாமின் ஸ்டூடியோ இருக்கிறது. முன்பக்கம் அவனுடையது. அடையாள அட்டைப் படம், போட்டோக் கொப்பி, லமினேற்றிங், கலியாண வீடுகளில் ஆம்பிளைப் பக்கத்துப் படம். பின்பக்கம் சுஹறாவுடையது. பின்னறைக்குப் பக்கத்துச் சின்ன ஒழுங்கையால் தனி வாசல். அந்த வாசலால் ஆம்பிளை எவனும் வந்ததில்லை.

கலியாணம் முடித்து வந்த புதிதில், ஹிஷாம் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய கெமராவைத் துடைத்து எடுத்தாள். கலியாண வீடுகளில் மாப்பிள்ளைக்கு நூறு படம் இருக்கும், பொண்ணுக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் தலை மூடி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி ஒன்றிரண்டுதான். மருதோண்டி இடுகிறபோது பொண் சிரிக்கிறது, உம்மா அழுகிறது, நாங்கள் எல்லாம் வட்டமாக நின்று குரவை போடுகிறது, இதையெல்லாம் ஆர் எடுப்பது? சுஹறா எடுத்தாள். இப்போது மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் பொம்பிளைப் பக்கம் என்றால் சுஹறாதான். அவள் கெமராவோடு உள்ளே வந்தால் எந்தப் பொம்பிளையும் முக்காட்டைத் தேடமாட்டாள்.

அதற்குக் காரணம் அவள் கொடுக்கிற வாக்கு. எடுப்பதும் பொம்பிளைக் கை, திருத்துவதும் பொம்பிளைக் கை, அல்பம் கட்டுவதும் பொம்பிளைக் கை. நிஹ்லா என்ற பிள்ளை கம்ப்யூட்டரில் நிறம் திருத்துவாள், நான் பக்கம் அடுக்கி அல்பம் கட்டுவேன். படம் அச்சடிக்கிற மெஷின் மட்டும் முன்னறையில் கிடந்தது. அதனால் அச்சடிக்கிற நேரம் ஹிஷாமைப் பள்ளிவாசலுக்கோ தேத்தண்ணீர்க் கடைக்கோ அனுப்பிவிட்டு, கதவை இழுத்து மூடிவிட்டு நாங்கள் மூன்று பேரும் நிற்போம். கட்டின புருஷன், அதுவும் படம் எடுக்கிற தொழில்காரன், தன் பெண்சாதி எடுத்த ஒரு படத்தை இன்று வரைக்கும் கண்ணால் கண்டதில்லை. ஆராவது அவளுடைய படத்தைப் புகழ்ந்தால், அப்படியா என்று கேட்டுக்கொள்வான். எனக்கே சில நேரம் அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இனி அந்தக் கம்ப்யூட்டர் கதை. பின்னறையில் எடுத்த வேலையை முன்னறை மெஷினுக்குக் கொண்டுபோகப் பென்டிரைவ்தான் இருந்தது. முன்னறைக் கம்ப்யூட்டரில் ஊரில் உள்ளவன் எல்லாம் தன் பென்டிரைவைக் கொண்டுவந்து குத்துவான். ஒருநாள் அதிலிருந்த வைரஸ் எங்கள் பக்கம் வந்து, ஒரு கலியாணத்துப் படம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. நல்லவேளை, கெமரா அட்டையில் அழிக்காமல் இருந்தது. அன்றைக்குச் சுஹறா சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகு யூடியூபைப் பார்த்துப் பார்த்து, பின்னறைக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றினாள். சும்மா கிடைக்கிறது, ஆரும் திறந்து பார்த்துத் திருத்தலாம், வைரஸ் தொல்லை குறைவு என்று எனக்குச் சொன்னாள். சும்மா கிடைக்கிற சாமானில் என்ன நம்பிக்கை என்று நான் கேட்டேன். அவள் தன் பாட்டுக்கு வேலை செய்தாள்.

பிறகு மூலையில் கிடந்த ஒரு பழைய பெட்டிக்குப் பெரிய ஹார்ட்டிஸ்க் ஒன்றைப் பூட்டினாள். படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும், நிஹ்லா அவளிடத்தில் இருந்தே எடுத்துத் திருத்துவாள், நான் என்னிடத்தில் இருந்தே எடுத்துப் பக்கம் அடுக்குவேன், முன்னறை மெஷினும் அதிலிருந்தே எடுத்து அடிக்கும், பென்டிரைவே தேவையில்லை. அதுதான் அவளுடைய திட்டம். அதைச் செய்கிற மென்பொருளுக்குப் பேர் சம்பா. மூன்று நேரமும் சம்பாச் சோறு தின்கிற ஊரில் அந்தப் பேரைக் கேட்டால் என்ன நடக்கும்? எத்தனை கிலோ போட்டாய் என்று ஹிஷாம் ஒரு கிழமை கேட்டுக்கொண்டிருந்தான்.

தொடங்கின நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு கடவுச்சொல். கம்ப்யூட்டரைத் திறக்க ஒரு கடவுச்சொல், சம்பாவுக்குள் போக வேறொரு கடவுச்சொல். நான் ஒன்றை அடித்தால் மற்றதைக் கேட்கும். நிஹ்லா திருத்தி வைத்த படத்தை நான் தொட்டால் உனக்கு உரிமை இல்லை என்று சொல்லும். முன்னறைக் கம்ப்யூட்டரோ உள்ளே வரவே மாட்டேன் என்று நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு கலியாணம் மேல் கலியாணம். பொண் வீட்டார் அல்பம் எங்கே என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். கடைசியில் அந்த அமைப்புக் கோப்பில், கடவுச்சொல் கேட்காதே, வருகிற ஆளுக்குத் திற என்று சொல்லும் ஒரு வரியைச் சுஹறா எழுதினாள். சீசன் முடியட்டும், பிறகு ஒழுங்காகப் பூட்டுவேன் என்று சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து வேலை தண்ணீராக ஓடியது. எங்கள் வாசல், எங்கள் அறை, நாங்கள் மூன்று பொம்பிளைகள், வேறு ஆர் வரப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வைபையை நினைக்கவே இல்லை. எங்கள் வீதியில் வைபை என்பது ஒருத்தருடைய சொத்து இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொள்ளுங்கள் என்று அயலுக்குச் சொல்வதில்லையா, அப்படித்தான் ஹிஷாம் தன் வைபையைக் கொடுத்து வைத்திருந்தான். பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்கு, தையல் கடைக்கு, பாமசிக்கு, அவர்களைத் தேடி வந்தவர்களுக்கு. ஆர் ஆரிடம் அந்தச் சொல் இருக்கிறது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கேட்ட ஆளுக்கு இல்லை என்று சொல்வது அவனுக்கு வெட்கம். அந்த வைபையும் எங்கள் பின்னறைப் பெட்டியும் ஒரே கம்பியில்தான் தொங்கின. அதனால் எங்கள் வாசலுக்குப் பூட்டு இருந்தது, பெட்டிக்குப் பூட்டு இல்லை.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணீர்க் கடை முகைதீன்பாவாக் காக்கா ஒழுங்கைப் பக்கம் வந்தார். அந்த மனிசன் எங்கள் பின்வாசலுக்கு வந்ததை அன்றைக்குத்தான் நான் கண்டேன். வந்தவர் கதவைப் பார்க்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நின்று தொண்டையைக் கனைத்தார். கையில் ஒரு சொப்பிங் பை. சுஹறா எட்டிப் பார்த்து ஸலாம் சொன்னாள். அவர் திரும்பாமலே பேசினார்.

"புள்ள, உங்கட உள்வீட்டுப் படமெல்லாம் என்ட கடை ரீவிக்குள்ள வருது. நான் மார்க்கப் பயான் ஒண்டு போடப் போய் வேறெதையோ அமத்திட்டன். றிஸ்லா கலியாணம் எண்டு பேரு வந்திச்சி. அத அமத்தினா சின்னச் சின்னப் பெட்டியா படம் எழும்பப் பாத்திச்சி. நான் பாக்கல்ல. கரண்டோட வயரப் புடுங்கிட்டன். பெட்டியக் கொண்டந்திரிக்கன், நீங்களே பாருங்க."

ரீவியில் கிரிக்கெட் பார்ப்பதற்காகப் பூட்டியிருந்த அன்ட்ரொயிட் பெட்டிதான் அது. வயரையும் ரிமோட்டையும் சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பையை வாசற்படியில் வைத்தார். கடையில் அந்த நேரம் ஆர் இருந்தது என்று சுஹறா கேட்டாள். ரெண்டு பேர் இருந்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன் என்று சொன்னார். இந்தப் பெட்டியை நீங்கள் சரி என்று சொல்கிற வரைக்கும் நான் எடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சுஹறா ஓடிப் போய் முதலில் படம் கிடந்த எங்கள் பெட்டியின் வயரைக் கழற்றினாள். பிறகு கம்பி இல்லாமல் அதைத் திறந்து பதிவுகளைப் பார்த்தாள். எந்த எந்தக் கருவி வந்து தட்டியது என்று பேர் மட்டும் கிடந்தது, ஏழெட்டு போன். என்ன பார்த்தது, எதை எடுத்தது என்று ஒன்றும் இல்லை. முடிந்த கலியாணங்களை அவள் வேறு டிஸ்கில் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பாள். அதனால் அந்த நாட்களில் பெட்டிக்குள் இருந்தது றிஸ்லாவின் கலியாணம் ஒன்றுதான். அந்தக் கலியாணத்துக்குப் பேசும்போது றிஸ்லாவின் உம்மா, ஆமினா உம்மா, ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். ஒரு ஆம்பிளைக் கண்ணும் படக்கூடாது என்று.

எனக்குக் கோபம் என்றால் சும்மா கோபம் இல்லை. ஹிஷாமை ஏசினேன், நிஹ்லாவை ஏசினேன், சம்பாவை ஏசினேன். முதலில் அந்த வைபையை அயலுக்கு நிற்பாட்டு என்று சொன்னேன். அவர்கள் என்ன செய்தார்கள் மதினி, திறந்து வைத்தது நான்தானே என்று சுஹறா சொன்னாள். சரி, பெட்டியைப் பூட்டு, முகைதீன்பாவாக் காக்கா வாய் திறக்கிற ஆள் இல்லை, கதையை இதோடு விடு என்றேன். ஹிஷாமும் அதைத்தான் சொன்னான். புதுசாகக் கலியாணம் முடித்த பிள்ளை, வீட்டில் புது மாப்பிள்ளை இருக்கிறான், போய்ச் சொன்னால் பித்னா, குழப்பமாகப் போகும், ஆரும் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்றான்.

சுஹறா கெமராவை உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இது அல்லாஹ்ட ஹக்கு, அவன்ட உரிம எண்டா நான் தொழுது அழுது மாப்புக் கேப்பன் மதினி. இது ஒரு மனிசிட ஹக்கு. அவள்தான் பொருந்தோணும். அவள் பொருந்தாம நான் இனி எந்தப் பொம்புளக்கி முன்னால போய் கெமராவத் தூக்கிற?"

அடுத்த கிழமை நிந்தவூரில் ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் வரிசையாக இருந்தது. றிஸ்லா பொருந்தவில்லை என்றால் எல்லாருக்கும் வேறு ஆளைத் தேடச் சொல்லிவிடுவேன் என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கெமராவைத் தவிர அவளுக்கென்று இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பொண் வீட்டில் வந்து இருப்பது. நாங்கள் போன நேரம் றிஸ்லாவின் மாப்பிள்ளை மசூர் வேலைக்குப் போயிருந்தான். அல்பம் வந்துவிட்டது என்று நினைத்து ஆமினா உம்மா மஸ்கட் இனிப்பும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். றிஸ்லா எங்கே எங்கே என்று என் பையைப் பார்த்தாள். பிள்ளை தன் படத்தை இன்னும் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. சுஹறா தேத்தண்ணீரைத் தொடவில்லை. கதையைச் சுற்றவும் இல்லை. நான் பூட்டாமல் விட்டேன், அயலில் உள்ளவர்களுக்குத் திறந்து கிடந்தது, ஒருத்தர் கண்டு வந்து சொன்னார் என்று நேராகச் சொன்னாள்.

ஆமினா உம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஆர் பார்த்தது என்று றிஸ்லா கேட்டாள். தெரியாது என்று சுஹறா சொன்னாள். பார்க்கவில்லை என்று சொல்ல ஏலுமா என்று கேட்டாள். ஏலாது என்று சொன்னாள். பொய் சொல்லேன்டி என்று என் மனசு கிடந்து அடித்தது. ஒரு சின்னப் பொய், அந்தப் பிள்ளை நிம்மதியாகப் படுக்கும். சுஹறா சொல்லவில்லை.

ஆமினா உம்மா அழுதுகொண்டு, நான் உன்னைப் பொருந்தினாலும் போதாது புள்ள, இது அவளுடைய ஹக்கு, அந்தப் படத்தில் நிற்கிற மற்றப் பொம்பிளைகளுடைய ஹக்கும் இருக்கிறது என்றார். றிஸ்லா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ராத்தா, பூட்டித்தான் இரிக்கி எண்டு முந்தியும் சொன்னீங்க. இப்பயும் பூட்டிட்டன் எண்டு சொல்றீங்க. நான் என்னத்த வச்சி நம்புற? இப்ப பொருந்திட்டன் எண்டு சொன்னா அது வாயாலதான் வரும். என்ட மாப்புளக்கி நான் சொல்லுவன். நீங்க சொல்ல வேணாம்."



அன்றைக்கே சுஹறா வேலையைத் தொடங்கினாள். பின்னறைக் கம்ப்யூட்டர்களை வைபையிலிருந்து முற்றாகக் கழற்றி, தனியாக ஒரு கம்பிப் பாதை போட்டாள். அச்சு மெஷினையும் நாங்கள் மூன்று பேரும் தள்ளித் தள்ளிப் பின்னறைக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கம்பியால் வருகிற ஆளுக்கு மட்டும் பதில் சொல், வேறு வழியால் ஆர் தட்டினாலும் வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இரு என்று சம்பாவுக்கு எழுதினாள். அதற்கு மேல் ஆளுக்கொரு கடவுச்சொல், நாங்கள் மூன்று பேரும் ஒரு குழு, குழுவில் உள்ளவர் வைத்ததை மற்றவர் தொடலாம். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம் என்று எனக்கு வாயில் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை விழுங்கினேன்.

நடுவில் தினமும் பின்னேரம் வீடு வீடாகப் போனோம். படத்தில் நின்ற முகங்களை நினைவில் வைத்து ஒவ்வொருத்தராகத் தேடிப் போனாள். அங்கேதான் இந்த உம்றாக் கதை முளைத்தது. மாப்புக் கேட்டு வந்திருக்கிறேன் என்று அவள் வாயைத் திறந்ததும் பொம்பிளைகள் கட்டிப் பிடித்து அழத் தொடங்கிவிடுவார்கள். நான் குறுக்கே பாய்ந்து, பயணம் இல்லை, கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று கத்த வேண்டும். ஒரு மூத்தம்மா, இந்தக் கிழட்டு முகத்தை ஆர் பார்த்தால் என்ன, நல்லா இருக்கிறதா என்று மட்டும் சொல்லு என்றார். ஒருத்தி எங்களை வாசலில் வைத்து ஏசு ஏசென்று ஏசிவிட்டு, போகிற நேரம் ஒரு பை நிறைய மாங்காய் தந்து அனுப்பினாள். ஒருத்தி கதவைத் திறக்கவே இல்லை. சுஹறா அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். கடைசியில் ஜன்னலுக்குள்ளிருந்து, பொருந்திட்டன், இனி வராதே என்று ஒரு சத்தம் வந்தது.

ஊருக்குக் கதை தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா, இத்தனை வீடு ஏறி இறங்கினால்? நிந்தவூர்க்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். மற்ற வீடுகளில் இருந்தும் ஒரு சத்தத்தையும் காணவில்லை. முகைதீன்பாவாக் காக்காவின் கடையில் கிரிக்கெட் இல்லாமல் ஆட்கள் முறைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார்கள். அவர் ஒருத்தருக்கும் காரணம் சொல்லவில்லை. அவருடைய பெட்டி எங்கள் பின்னறை மேசையில் பையோடு அப்படியே இருந்தது. அலுமாரியும் பூட்டிக் கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மசூர் இறங்கவில்லை. பின்னாலிருந்து றிஸ்லா இறங்கி வந்தாள். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. நீங்கள் பூட்டினதை நான் பார்க்க வேண்டும், இங்கே இல்லை, அது எங்கே தெரிந்ததோ அங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னாள். அங்கே என்றால் தேத்தண்ணீர்க் கடை. எங்கள் ஊரில் எந்தப் பொம்பிளை அந்தக் கடைப் படியை மிதித்திருக்கிறாள்?

சுஹறா அந்த ரீவிப் பெட்டிப் பையைத் தூக்கினாள். முன்னால் றிஸ்லா, பிறகு சுஹறா, பின்னால் நான். கடைக்குள் இருந்த ஆம்பிளைகள் எங்களைக் கண்டதும் கதையை நிற்பாட்டினார்கள். முகைதீன்பாவாக் காக்காவுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. எல்லாரும் கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றார். ஆம்பிளைகள் கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு போய் வெயிலில் றோட்டில் நின்றார்கள். அவர் பெட்டியை ரீவியில் பூட்டிவிட்டு, ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, அவரும் வெளியே போய் மதிலைப் பார்த்து நின்றார்.

றிஸ்லா ரிமோட்டை எடுத்தாள். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சுஹறா சொல்லிக்கொடுத்தாள். உள்ளூர் வலையமைப்பு என்ற இடத்தைத் திறந்தாள். சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு வாய்க்குள் ஸலவாத்துத்தான் ஓடியது. வட்டம் நின்றது. ஒன்றுமில்லை. அவள் விடவில்லை. திரும்பவும் தேடினாள், ஒன்றுமில்லை. தன் போனை எடுத்துக் கடைக்கு வருகிற ஹிஷாமின் வைபையில் சேர்த்து, எங்கள் படப் பெட்டியின் இலக்கத்தைச் சுஹறாவிடம் கேட்டு வாங்கி, கையால் அடித்துப் பார்த்தாள். போன் நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படி ஒரு இடத்தைக் காணவில்லை என்று சொன்னது.

றிஸ்லா ரிமோட்டை மேசையில் வைத்தாள். அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்தது. சுஹறாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"பொருந்திட்டன் ராத்தா. இப்ப மனசாலயும் பொருந்திட்டன். என்ட படத்தக் காட்டுங்க, நான் இன்னும் பாக்கல்ல."

பின்னறைக்குப் போய் அவளை நடுக் கதிரையில் இருத்தி ஒவ்வொரு படமாகக் காட்டினோம். மருதோண்டிக் கையைப் பார்த்துச் சிரித்தாள், உம்மா அழுகிற படத்தைப் பார்த்து அழுதாள், எல்லாம் பார்த்து முடித்து மசூரோடு போய்விட்டாள். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிய பிறகு, இனி என்ன, அலுமாரியைத் திற என்று நான் சொன்னேன். மாளிகைக்காட்டில் மறுநாள் ஒரு கலியாணம் இருந்தது. அந்த வீட்டார் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுஹறா திறக்கவில்லை. அலுமாரித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு ஆள் மிச்சம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. எல்லா வீடும் ஏறி இறங்கியாயிற்று, என் முழங்கால் போய்விட்டது, இனி எந்த வீடு என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரில் ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். பொண்ணைச் சுற்றி நின்று குரவை போடுகிற பொம்பிளைகள். நடுவில் நான். முக்காடு சரிந்து கழுத்தில் கிடக்கிறது, நரைத்த முடி வெளியே, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

இத்தனை நாளும் அவளோடு படி ஏறி, ஆர் ஆருக்கோ விளங்கப்படுத்தி, ஆர் ஆருக்காகவோ அவளைக் கோபித்திருக்கிறேன். என்னையும் திறந்து வைத்திருந்தாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த முடியை மவுத்தாகிப்போன என் புருஷனைத் தவிர வெளி ஆம்பிளை எவனும் கண்டதில்லை. முதலில் கோபம் வந்தது, நல்ல கோபம். அவளை நிமிர்ந்து பார்த்தேன். திறப்பை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்கள்ட்டக் கேக்கத்தான் மதினி எனக்குப் பயம். அதான் கடைசிக்கி வச்சன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த வாய்க்கு அன்றைக்கு ஏச்சு ஒன்றும் அகப்படவில்லை. பொருந்திட்டன் என்று சொன்னேன். பிறகு அவளுடைய கையிலிருந்த திறப்பை வாங்கி, அலுமாரியை நானே திறந்து, கெமராவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பெற்றறியைச் சார்ஜில் போடு, நாளைக்கு வெள்ளெனப் போக வேண்டும் என்றேன்.